பிரெஞ்சும் படங்களும் சேர்ந்த பிஎச்.டி.: என்ன படிப்பார்கள், யார் பணம் தருவார்கள், முடித்தபின் என்ன?

‘பிரெஞ்சு பி2 முடிச்சிருக்கேன். சினிமா நிறைய பார்ப்பேன், பழைய போட்டோன்னா உயிர். இதையெல்லாம் சேர்த்து பிஎச்.டி. பண்ண முடியுமா?’

பள்ளியில் நல்ல மதிப்பெண் வரும் என்று பிரெஞ்சை இரண்டாம் மொழியாக எடுத்தவர்களில் சிலருக்கு, வேலையில் சேர்ந்து நாலைந்து வருடம் ஆனபிறகு இந்த மாதிரி ஒரு கேள்வி வருகிறது.

முடியும். பிரெஞ்சு மற்றும் பிராங்கோபோன் ஆய்வுகளையும், விஷுவல் கல்ச்சர் எனப்படும் காட்சிப் பண்பாட்டையும் இணைத்து முனைவர் பட்டம் தரும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஆனால் ‘முடியுமா’ என்பது இதில் சுலபமான கேள்வி. ஐந்தாறு வருடத்தை இதற்குக் கொடுக்கலாமா, அந்த வருடங்களில் வாடகை கட்ட யார் பணம் தருவார்கள், முடித்த பிறகு எங்கே போவது என்பவைதான் கஷ்டமானவை. அவற்றுக்குப் போகும் முன், இந்தப் படிப்பில் உட்கார்ந்து என்னதான் செய்வார்கள் என்று பார்த்துவிடுவோம். அது பிடிபட்டால்தான் மற்றதைப் பேசுவதில் அர்த்தம் உண்டு.

இது என்ன படிப்பு?

பெயரில் இரண்டு பாதிகள். முதல் பாதி பிரான்ஸின் இலக்கியம், வரலாறு, சிந்தனை. கூடவே பிரெஞ்சு புழங்கும் மற்ற இடங்கள். செனகல், மாலி, அல்ஜீரியா, ஹைட்டி, மார்டினிக், கியூபெக், ரியூனியன், மொரீஷியஸ் என்று பட்டியல் நீளும். ‘பிராங்கோபோன்’ என்றால் பிரெஞ்சு பேசுகிற என்று பொருள். கேட்க சாதுவான சொல்தான். ஆனால் இந்த இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு பிரெஞ்சு போய்ச் சேர்ந்தது கப்பலிலும் துப்பாக்கியோடும். அதனால் இந்தத் துறையில் மொழியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஆட்சியைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும்.

இரண்டாம் பாதி, காட்சி. ஓவியம், சிற்பம் என்று பார்ப்பது கலை வரலாறு. காட்சிப் பண்பாடு அதைவிட அகலமானது. அஞ்சலட்டை, சோப்பு விளம்பரம், அடையாள அட்டைப் புகைப்படம், காமிக்ஸ், சினிமா, மியூசியக் கண்ணாடிப் பெட்டி எல்லாமே இதில் வரும். படம் அழகாக இருக்கிறதா என்பது இங்கே இரண்டாம் பட்சம். யார் எடுத்தார், யாரை எடுத்தார், யார் பார்ப்பதற்காக எடுத்தார், எடுக்கப்பட்டவரிடம் கேட்டார்களா என்பவைதான் முதல் கேள்விகள்.

அமெரிக்காவில் ரோசெஸ்டர் பல்கலைக்கழகம் 1980-களின் இறுதியிலேயே காட்சிப் பண்பாட்டுக்கென்று தனி முனைவர் படிப்பைத் தொடங்கியது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்திலும் அப்படி ஒன்று உண்டு. பென் ஸ்டேட் போன்ற இடங்களில் இன்னொரு வழி: பிரெஞ்சுத் துறையில் சேர்ந்து, காட்சி ஆய்வையும் பட்டத்தின் பெயரிலேயே சேர்த்துக்கொள்ளும் ‘டூயல் டைட்டில்’ பட்டம். இரண்டு பட்டம் கிடைக்காது, ஒன்றுதான். ஆனால் கூடுதல் பாடங்கள் எடுக்க வேண்டும். ஆய்வேட்டைச் சரிபார்க்கும் குழுவில் இரண்டு பக்கத்து ஆட்களும் உட்காருவார்கள்.

ஏன் இரண்டையும் சேர்க்க வேண்டும்? தனித்தனியாகப் படித்தால் ஆகாதா?

இதற்குப் பதில் ஒரு அஞ்சலட்டைக் கட்டில் இருக்கிறது.

1900-க்கும் 1930-க்கும் இடைப்பட்ட காலத்தில், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவிலிருந்து ஏராளமான அஞ்சலட்டைகள் பிரான்ஸுக்குப் போயின. அவற்றில் ஒரு பெரிய வகை, அல்ஜீரியப் பெண்களின் படங்கள். நகை, திரைச்சீலை, காபிக் குடுவை, பாதி திறந்த உடல். அந்தப்புரத்துக்குள் எட்டிப் பார்த்தது போன்ற தோற்றம். கீழே பிரெஞ்சில் ஒரு படக்குறிப்பு.

அல்ஜீரியக் கவிஞர் மாலெக் அல்லூலா இந்த அட்டைகளைச் சேகரித்து வரிசையாக வைத்துப் பார்த்தார். 1981-ல் பிரெஞ்சில் ஒரு புத்தகமாக எழுதினார், பெயர் ‘காலனிய அந்தப்புரம்’. அவர் காட்டியது இதுதான்: புகைப்படக்காரர்களை எந்த வீட்டுக்குள்ளும் யாரும் விடவில்லை. அதனால் ஸ்டுடியோவிலேயே ஒரு அந்தப்புரத்தை ஜோடித்தார்கள், காசு கொடுத்து மாடல்களை உட்கார வைத்தார்கள். ஒரே பெண், ஒரே உடை, ஒரே இடம். ஒரு அட்டையில் அவர் ‘பெதூயின் இளம்பெண்’. இன்னொன்றில் ‘தெற்கத்திப் பெண்’. மூன்றாவதில் ‘கபீல் இனத்து இளம்பெண்’.

இப்போது யோசித்துப் பாருங்கள். பிரெஞ்சு தெரியாமல் படத்தை மட்டும் ஆராய்பவர் உடையையும் ஒளியையும் பற்றி பத்துப் பக்கம் எழுதிவிடுவார். படக்குறிப்புகள் ஒன்றையொன்று பொய்யாக்குவது அவர் கண்ணில் படாது. பிரெஞ்சு மட்டும் தெரிந்து படத்தைப் பார்க்கப் பழகாதவர் மூன்று குறிப்புகளையும் தனித்தனியாக மொழிபெயர்த்துவிட்டு, மூன்றிலும் அதே முகம் என்பதைத் தவறவிடுவார். பொய் இருப்பது படத்துக்கும் எழுத்துக்கும் நடுவில். அங்கே போய் நிற்க இரண்டும் தெரிந்த ஆள் வேண்டும். இந்தப் படிப்பின் நியாயமே அவ்வளவுதான் என்று சொல்லலாம்.

ரோலான் பார்த் விட்டுவைத்த பெயர்

இந்தத் துறைக்குள் வருகிற யாரும் ரோலான் பார்த்தைத் தாண்டிப் போக முடியாது. 1957-ல் வந்த அவருடைய ‘மித்தாலஜீஸ்’ நூலில் ஒரு இடம் மிகப் பிரபலம். முடிதிருத்தும் கடையில் அவர் கையில் ‘பாரி மாட்ச்’ இதழ் வருகிறது. 1955-ல் வெளியான இதழ். அட்டையில் ராணுவச் சீருடை அணிந்த கறுப்பினச் சிறுவன் சல்யூட் அடிக்கிறான். பார்த் சொல்லும் வாதம் சுருக்கமாக இது: படம் காட்டுவது ஒரு சிறுவனை, ஆனால் சொல்வது, பிரெஞ்சுப் பேரரசு எவ்வளவு நல்லது, நிற வேறுபாடு இல்லாமல் எல்லாப் பிள்ளைகளும் அதற்கு விசுவாசமாக இருக்கிறார்கள் பாருங்கள் என்பதை. ஒரு படம் எப்படி அரசியலை இயற்கையான விஷயம் போல ஆக்கிவிடுகிறது என்பதற்கு இன்றுவரை வகுப்புகளில் இதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள்.

ஆனால் அந்த அட்டையில் எழுத்தும் இருந்தது. அதில் சிறுவனின் பெயர் தியூஃப் என்றும், அவன் வாகாடூகுவிலிருந்து தன் தோழர்களோடு பாரிஸில் நடக்கும் ஒரு ராணுவ நிகழ்ச்சிக்கு வந்திருக்கிறான் என்றும் போட்டிருந்தார்கள். பார்த்தின் கட்டுரையில் அந்தப் பெயர் இல்லை. அவருக்கு அவன் ஒரு குறியீடு மட்டுமே. அரை நூற்றாண்டு கழித்து, வின்சென்ட் மேசன் என்ற கலைஞர் அந்தச் சிறுவனைத் தேடி புர்க்கினா ஃபாசோ வரை போய் 2009-ல் ‘வீட்டா நோவா’ என்ற படத்தை எடுத்தார்.

படத்தை எப்படி வாசிப்பது என்று உலகத்துக்கே சொல்லிக்கொடுத்தவர், அதே அட்டையில் இருந்த இரண்டு வரியைக் கடந்து போயிருக்கிறார். பார்த்தைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அவர் இல்லாவிட்டால் அந்த அட்டையை இன்று யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு முனைவர் பட்ட ஆய்வு எங்கிருந்து கிளம்பும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் நூறு முறை பார்த்த படம். அதில் எல்லோரும் வாசிக்காமல் விட்ட ஒரு பெயர். அங்கிருந்து 250 பக்கம் எழுதலாம்.

‘பிராங்கோபோன்’ என்றால் பிரெஞ்சு போதுமா?

போதாது. இதைச் சேர்ந்த பிறகு தெரிந்துகொண்டு திணறுபவர்கள் உண்டு.

செனகலின் உஸ்மான் செம்பேன் முதலில் பிரெஞ்சில் நாவல் எழுதியவர். தன் மக்களில் பெரும்பாலோரால் தன் புத்தகத்தைப் படிக்க முடியாது என்பதால் சினிமாவுக்கு வந்தார். 1966-ல் அவர் எடுத்த ‘லா நுவார் தெ’ படத்தில், தாக்கரிலிருந்து பிரான்ஸுக்கு வீட்டுவேலைக்குப் போகும் இளம்பெண்ணின் மனக்குரல் நமக்குக் கேட்கிறது. அந்தக் குரல் பிரெஞ்சில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத, எஜமானியிடம் ஓரிரு வார்த்தைக்கு மேல் பேசாத பெண் மனசுக்குள் சரளமான பிரெஞ்சில் யோசிக்கிறாள்! இது குறையா, வேண்டுமென்றே செய்ததா என்று இன்றைக்கும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து, 1968-ல், ‘மண்டாபி’ படத்தை செம்பேன் வோலோஃப் மொழியில் எடுத்தார். அதைப் பற்றி எழுத நினைப்பவருக்கு வோலோஃப் கொஞ்சமாவது வேண்டாமா?

பக்கத்து உதாரணம் ஒன்று, 2024-ல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி வென்ற மாட்டி டியோப்பின் ‘தஹோமே’. 1890-களில் பிரெஞ்சுப் படை இன்றைய பெனின் நாட்டின் அபோமே அரண்மனையிலிருந்து அள்ளிச் சென்ற பொருட்களில் 26-ஐ பிரான்ஸ் 2021 நவம்பரில் திருப்பிக் கொடுத்தது. அந்தப் பயணம்தான் படம். பெட்டிக்குள் அடைக்கப்பட்ட ஒரு அரசர் சிலை பேசுகிறது, ஃபோன் மொழியில். பிறகு பல்கலைக்கழக மாணவர்கள் கூடி, எடுத்துப் போனது ஆயிரக்கணக்கில், திருப்பித் தந்தது 26 மட்டுமா என்று சண்டை போடுகிறார்கள். 2018-ல் பிரெஞ்சு அதிபருக்காக ஃபெல்வின் சார், பெனெடிக்ட் சவ்வா தயாரித்த அறிக்கை, பிரான்ஸின் பொதுச் சேகரிப்புகளில் சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பொருட்கள் சுமார் 90,000 இருப்பதாகக் கணக்கிட்டது. அந்த அறிக்கையைப் படிக்க பிரெஞ்சு வேண்டும், கண்ணாடிப் பெட்டியில் இருப்பதைப் படிக்க கண் பழகியிருக்க வேண்டும், மாணவர்களின் கோபத்தைப் புரிந்துகொள்ள பெனின் வரலாறு வேண்டும்.

மூன்றாவது உதாரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 2015-ல் கான் விழாவில் தங்கப் பனை விருது வாங்கிய ‘தீபன்’. இயக்குநர் ஜாக் ஓதியார் பிரெஞ்சுக்காரர். படத்தில் பாதிக்கு மேல் தமிழ். கதாநாயகனாக நடித்த ஷோபாசக்தி, ஈழத்திலிருந்து பிரான்ஸுக்கு அகதியாகப் போன தமிழ் எழுத்தாளர். இது பிரெஞ்சு சினிமாவா, பிராங்கோபோன் சினிமாவா, தமிழ் சினிமாவா? பிரெஞ்சுத் துறைகளில் இதைப் பற்றி எழுதுகிற பலரும் சப்டைட்டிலை நம்பித்தான் எழுத வேண்டும். உங்களுக்கு அந்தத் தேவை இல்லை. விண்ணப்பத்தில் இதெல்லாம் ‘கூடுதல் தகுதி’ என்ற ஓரத்துப் பெட்டியில் போடுகிற விஷயமில்லை. பலருக்கு அதுவே ஆய்வுக் கேள்வியாக ஆகலாம்.

படத்தைக் காட்டலாமா, கூடாதா?

இந்தப் படிப்பில் நடுவில் வந்து தூக்கத்தைக் கெடுக்கிற ஒரு சிக்கல் இது. தத்துவமாக ஆரம்பித்து, ஆய்வேட்டின் 73-ஆம் பக்கத்தில் படத்தை ஒட்டுவதா வேண்டாமா என்ற நடைமுறைக் கேள்வியாக வந்து நிற்கும்.

1960. அல்ஜீரிய விடுதலைப் போர் நடந்துகொண்டிருக்கிறது. கிராமங்களைக் காலி செய்து மக்களை முகாம்களில் அடைத்த பிரெஞ்சு ராணுவம், எல்லோருக்கும் அடையாள அட்டை வேண்டும் என்றது. கட்டாய ராணுவ சேவையில் இருந்த மார்க் கராங்கே என்ற இளைஞரிடம் வேலை கொடுக்கப்பட்டது. பத்து நாளில் சுமார் 2,000 பேரை அவர் படம் எடுத்தார், பெரும்பாலும் பெண்கள். முகத்திரையை எடுக்கச் சொல்லி உத்தரவு. முன்பின் தெரியாத ஆண்கள் முன் திரையில்லாமல் நிற்க நேர்ந்த அந்தப் பெண்கள் கேமராவை நேராக முறைக்கிறார்கள். ராணுவத்துக்கு வேண்டியது கார்டில் ஒட்ட ஒரு முகம். கராங்கே இடுப்பளவுக்கு எடுத்தார், பிறகு அவற்றை வெளியிட்டார். 1982-ல் புத்தகமாக வந்தது.

இன்று அந்தப் படங்களைப் பார்ப்பவர்கள் பலர் அதில் எதிர்ப்பைப் பார்க்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் அந்தப் பெண்களிடம் அன்றைக்கு யாரும் சம்மதம் கேட்கவில்லை. நீங்கள் உங்கள் ஆய்வேட்டில் அதை மறுபடி அச்சடித்தால், அந்தப் பார்வையை இன்னொரு முறை நடத்துகிறீர்களா, அல்லது அதை அம்பலப்படுத்துகிறீர்களா? அல்லூலாவின் புத்தகத்தின் மீதும் இதே விமர்சனம் உண்டு: அட்டைகளைக் கண்டிக்கிற புத்தகம் அதே அட்டைகளைப் பெரிதாக்கி அச்சிட்டிருக்கிறது என்று.

இதற்கு ஒரே விடை கிடையாது. சிலர் படத்தைப் போடாமல் விவரிக்கிறார்கள். சிலர் போட்டுவிட்டு முழு அத்தியாயமும் அதற்கு விளக்கம் எழுதுகிறார்கள். நீங்கள் எதைச் செய்தாலும் ஏன் என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். என் கருத்தைக் கேட்டால், இந்தக் கேள்வி ஒருவரை உறுத்தவே இல்லை என்றால் அவர் சினிமா விமர்சனம் எழுதலாம், நன்றாகவே எழுதலாம். இந்த ஆய்வு வேண்டாம்.

நம்ம பக்கம் இதற்கு வேலை இருக்கிறதா?

இருக்கிறது, புதுச்சேரியில். 1954 வரை பிரெஞ்சு ஆட்சி நடந்த ஊர். 1955-ல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படச் சேகரிப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன, பெரும்பாலும் தென்னிந்தியக் கோயில்களும் சிற்பங்களும். தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் குடும்பப் படங்களைத் தேடி டிஜிட்டல் ஆக்கும் வேலையும் அங்கிருந்து நடந்திருக்கிறது. வீட்டுப் பரணில் கிடக்கும் தாத்தா-பாட்டி கல்யாண போட்டோ மாதிரியான படங்கள்.

இதை மாலியின் செய்து கேய்தாவோடு வைத்துப் பார்க்கலாம். 1948-ல் பமாகோவில் ஸ்டுடியோ திறந்தவர். அவரிடம் வந்தவர்கள் வாட்ச், ரேடியோ, ஸ்கூட்டர் இவற்றோடு போஸ் கொடுத்தார்கள். எப்படித் தெரிய வேண்டும் என்பதை எடுக்கப்படுகிறவரே முடிவு செய்த படங்கள். அல்ஜீரிய அஞ்சலட்டைக்கு நேர் எதிர். பமாகோ ஸ்டுடியோவையும் காரைக்கால் ஸ்டுடியோவையும் ஒரே ஆய்வில் வைத்துப் பேச, இரண்டு பக்கமும் தெரிந்த ஆட்கள் குறைவு.

இன்னொரு இழை, 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாக மார்டினிக், குவாதலூப் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள். குவாதலூப்புக்கு மட்டும் 40,000-க்கும் மேற்பட்டோர் போனார்கள். காலனிகள் தொடர்பான பிரெஞ்சு அரசுக் காகிதங்கள் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

எங்கே படிக்கலாம், பணம் எங்கிருந்து வரும்?

மூன்று வழிகளையும் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் முனைவர் படிப்பு ஐந்து, ஆறு வருடம். முதல் இரண்டு வருடம் வகுப்புகள், பிறகு தகுதித் தேர்வு, பிறகு ஆய்வுத் திட்டம், பிறகு எழுத்து. நல்ல திட்டங்களில் கல்விக் கட்டணம் தள்ளுபடி, மாத உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு எல்லாம் உண்டு. பதிலுக்கு நீங்கள் இளங்கலை மாணவர்களுக்கு ஆரம்ப நிலை பிரெஞ்சு வகுப்பு எடுக்க வேண்டும். ஆமாம், காலையில் ‘போன்ஜூர்’ சொல்லிக் கொடுத்துவிட்டு மதியம் கராங்கேயைப் படிக்க வேண்டும். உதவித்தொகை இல்லாமல் அனுமதி மட்டும் கொடுத்தால், தயவுசெய்து கடன் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். எம்.எஸ். முடித்து ஐ.டி. வேலையில் அடைக்கிற கடன் போன்றதல்ல இது.

சமீபத்திய நிலவரத்தையும் சொல்ல வேண்டும். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் 2023-ல் 28 பட்டப்படிப்புகளை நிறுத்தியபோது வெளிநாட்டு மொழிப் பட்டங்களும் அதில் போயின. பாஸ்டன் பல்கலைக்கழகம் 2025-26-க்கு பல முனைவர் படிப்புகளில் புதிய சேர்க்கையை நிறுத்தி வைத்தது. அதில் ரொமான்ஸ் மொழிகளும் இருந்தன, கலை வரலாறும் இருந்தது. அதாவது நாம் பேசும் படிப்பின் இரண்டு பாதியும். எனவே விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன், இந்த வருடம் ஆள் எடுக்கிறார்களா என்று துறைக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

பிரான்ஸில் முனைவர் பட்டம் என்பது மூன்று வருட ஆய்வு. வகுப்புகள் மிகக் குறைவு. முதுகலை முடித்து, தலைப்போடும் நெறியாளரோடும் போக வேண்டும். வெளிநாட்டு மாணவர்களுக்கான கூடுதல் கட்டணம் முனைவர் படிப்புக்குக் கிடையாது, பதிவுக் கட்டணம் வருடத்துக்கு சுமார் 400 யூரோதான். வாழ்க்கைச் செலவுதான் பிரச்சினை. ‘கோந்த்ரா தோக்தொரால்’ எனப்படும் முனைவர் ஒப்பந்தம் கிடைத்தால் நீங்கள் சம்பளம் வாங்கும் ஊழியர். பிடித்தம் போகும் முன் மாதம் குறைந்தது 2,300 யூரோ, 2026 நிலவரப்படி. ஆனால் மானுடவியல் துறைகளில் இந்த ஒப்பந்தங்கள் கொஞ்சம்தான், போட்டி அதிகம். ஒப்பந்தம் இல்லாமல் சேர்ந்து, ஹோட்டலிலும் டியூஷனிலும் உழைத்துக்கொண்டு ஆறு வருடம் இழுப்பவர்கள் நிறைய.

இந்தியாவில் டெல்லி ஜே.என்.யு.வின் பிரெஞ்சு மற்றும் பிராங்கோபோன் ஆய்வு மையம், ஹைதராபாத் இ.எஃப்.எல்.யு., புதுச்சேரிப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் பிரெஞ்சுத் துறைகள் இருக்கின்றன. பட்டத்தின் பெயரில் ‘விஷுவல் கல்ச்சர்’ வராது. ஆனால் தலைப்பை அப்படி அமைக்கலாம், இரண்டாம் நெறியாளரை சினிமா அல்லது கலைத் துறையிலிருந்து கேட்கலாம். யு.ஜி.சி. நெட் தேர்வில் பிரெஞ்சு ஒரு பாடம். ஜே.ஆர்.எஃப். வாங்கிவிட்டால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. அமெரிக்க உதவித்தொகையோடு ஒப்பிட்டால் கம்மியாகத் தெரியும். புதுச்சேரியில் ஒரு வீடு எடுத்து, காப்பகத்துக்கு சைக்கிளில் போய்வரும் ஆய்வுக்கு இது மோசமான ஏற்பாடு இல்லை. இந்த வழியை நம் ஆட்கள் தேவைக்கு அதிகமாகவே தாழ்வாக நினைக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

அதெல்லாம் சரி, வேலை?

பிரெஞ்சு தெரிந்ததற்கான வேலை வேண்டும் என்றால் பிஎச்.டி. வேண்டாம். சென்னை, பெங்களூரு நிறுவனங்களில் பிரெஞ்சு வாடிக்கையாளர்களைக் கையாளவும், மொழிபெயர்ப்புக்கும் பி2 அல்லது சி1 போதும். அதற்குப் பிறகு ஐந்து வருடம் படிப்பதால் சம்பளம் கூடாது. குறையக்கூட வாய்ப்பு உண்டு.

முனைவர் பட்டம் தேவைப்படுவது கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர் வேலைக்கு. அமெரிக்காவில் நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் பிரெஞ்சில் 2008-க்குப் பிறகு சுருங்கிக்கொண்டே வருகின்றன. முடித்தவர்களில் பலர் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று தற்காலிக வேலைகளில் ஊர் ஊராகப் போகிறார்கள். வேலை விசா அதற்கு ஒத்துழைக்காது. காட்சிப் பண்பாடு சேர்ந்தவருக்கு ஒரு துறைக்குப் பதில் இரண்டு துறைகளில் விண்ணப்பிக்க முடியும் என்பது உண்மை. இரண்டு துறைகளும் ‘இவர் முழுசா நம்ம ஆள் இல்லையே’ என்று நினைக்கக்கூடும் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

கல்லூரிக்கு வெளியே மியூசியம், காப்பகம், திரைப்பட விழா, சப்டைட்டில், பதிப்பகம், ஆவணப்படத்துக்கான ஆய்வு என்று வேலைகள் உண்டு. அங்கே பட்டத்தைவிட நீங்கள் செய்து காட்டிய வேலையைப் பார்ப்பார்கள். அதனால் படிக்கும்போதே ஒரு காப்பகத்தில் பட்டியலிடும் வேலையோ, ஒரு விழாவில் சப்டைட்டில் வேலையோ செய்து வைப்பது, முடித்த பிறகு சுவரில் மாட்டும் சான்றிதழைவிட உதவும்.

வீட்டில் இதைச் சொல்வது தனிக் கதை. ‘டாக்டர் ஆகப்போறேன்’ என்று ஆரம்பிக்காதீர்கள்; குழப்பம் கூடும்.

விண்ணப்பிக்கும் முன் செய்து பார்க்க ஒரு வேலை

பிரெஞ்சு சி1 அளவில் இருக்க வேண்டும், அதற்கான டால்ஃப் தேர்வை அலியான்ஸ் பிரான்சேஸில் எழுதலாம். அமெரிக்க விண்ணப்பங்களுக்கு பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் கடைசித் தேதி. நோக்க அறிக்கை, பரிந்துரைக் கடிதங்கள், 15 முதல் 20 பக்கத்துக்கு ஒரு எழுத்து மாதிரி கேட்பார்கள். தேர்வு செய்கிறவர்கள் கூர்ந்து படிப்பது அந்த எழுத்து மாதிரியைத்தான். வேலையில் இருப்பவர்கள் பலருக்கு இங்கேதான் இடிக்கும்: கல்லூரியை விட்டு வந்தபிறகு நீளமாக எதுவும் எழுதியிருக்க மாட்டார்கள்.

எனவே வேலையை விடுவதற்கு முன், வார இறுதிகளில் இதைச் செய்யுங்கள். பிரான்ஸ் தேசிய நூலகத்தின் ‘காலிக்கா’ தளத்தில் லட்சக்கணக்கான படங்களும் இதழ்களும் இலவசமாக இருக்கின்றன. தேடுபெட்டியில் ‘பொந்திஷெரி’ என்று பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் போடுங்கள், அல்லது உங்களுக்கு ஆர்வமுள்ள வேறு ஊரின் பெயர். ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள். முதல் நாள் படக்குறிப்பை மூடிவிட்டு, கண்ணில் படுவதை மட்டும் ஒரு பக்கம் எழுதுங்கள். அடுத்த நாள் குறிப்பைப் படியுங்கள். அதில் எந்தச் சொல் படத்தோடு ஒட்டவில்லை, யாருக்குப் பெயர் இருக்கிறது, யார் வெறும் ‘உள்ளூர்வாசி’ என்று இருக்கிறார் என்று பாருங்கள். அதே புகைப்படக்காரரின் இன்னும் பத்துப் படங்களைத் தேடுங்கள். யாராவது இரண்டு முறை வருகிறார்களா?

மூன்றாவது வார இறுதியில் அந்தப் பக்கத்தைத் திறக்க உங்களுக்கே அலுப்பாக இருந்தால், சினிமாவும் பிரெஞ்சும் உங்களுக்கு நல்ல பொழுதுபோக்காக இருந்துவிட்டுப் போகட்டும், அதில் ஒரு குறையும் இல்லை. பதினோராவது படத்தைத் தேடி இரவு ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தீர்கள் என்றால், எழுத்து மாதிரியின் முதல் இரண்டு பக்கம் தயார்.